மித்தோமாவுக்கு ஒரு பட்டியலில் முதலிடம், இன்னொன்றில் பெயரே இல்லை: எதை நம்புவது?

#1 பந்துக்காரன்

ஜப்பான் கால்பந்து வீரர்களில் யாருக்கு மவுசு அதிகம் என்று தேடினால் ஆளாளுக்கு ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். ரசிகர்கள் ஓட்டுப் போடும் இணையப் பட்டியல்களில் கவோரு மித்தோமாவும் தகேஃபுசா குபோவும் மாறி மாறி மேலே வருகிறார்கள். தலைப்பை "எக்காலத்துக்கும்" என்று மாற்றிவிட்டால் ஹிடெதோஷி நகாதா, ஷுன்சுகே நகமுரா, கெய்சுகே ஹோண்டா என்று பழைய ஆட்கள் இறங்குகிறார்கள். ஆட்களை நேரில் பார்த்துப் பிடித்த விளையாட்டு வீரர் யார் என்று கேட்கும் கணிப்புகளில் சில ஆண்டுகளாக பேஸ்பால்காரர் ஷோஹெய் ஓதானி கொடிகட்டிப் பறக்கிறார். கால்பந்துக்காரர்களைக் கீழே போய்த்தான் தேட வேண்டும்.

எனக்கு வேண்டியது இரண்டு. மித்தோமாவின் இடம் பட்டியலுக்குப் பட்டியல் ஏன் இப்படித் தாவுகிறது? நாமே ஒரு பட்டியல் போடுவதென்றால் எந்த எண்களை எடுப்பது, எப்படிச் சேர்ப்பது? இன்ஸ்டாகிராம் பின்தொடர்வோரை வரிசையாக அடுக்கிவிட்டு "முடிந்தது" என்று சொல்லும் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

#2 நீலச்சட்டை

முதலில் கேள்வியைப் பாருங்கள். "யாரைப் பிடிக்கும்", "யார் சிறந்தவர்", "யார் பெயர் உடனே ஞாபகத்துக்கு வருகிறது" மூன்றும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் தளங்கள் வைக்கிற தலைப்பு மட்டும் ஒன்றுதான்: பிரபல வரிசை.

இதற்கு மித்தோமாவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பான் ஆடிய நான்கு ஆட்டத்திலும் அவர் மாற்று வீரராகத்தான் இறங்கினார். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. குரோஷியாவுடன் நடந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் அவர் உதையை கோல்காப்பாளர் லிவாகோவிச் தடுத்துவிட்டார். ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோல் தகுமா அசானோ. ஸ்பெயினுக்கு எதிராக ஆவோ தனாகா. இரண்டு ஆட்டத்திலும் சமன் செய்த கோல் ரித்சு தோவான். கோல் கணக்கைப் பார்த்து மவுசை அளந்தால் தோவான்தான் முதலில் நிற்க வேண்டும்.

ஆனால் அந்த உலகக் கோப்பையில் இருந்து ஜப்பானியர் மனதில் தங்கியது மித்தோமாவின் இடது கால்தான். ஸ்பெயின் ஆட்டத்தில் கோல் கோட்டைத் தாண்டி மைதானத்துக்கு வெளியே போகப் பார்த்த பந்தைப் பின்னோக்கி இழுத்து விட்டார்; அதைத்தான் தனாகா கோலாக்கினார். பந்தின் வளைவு கோட்டுக்கு மேலே 1.88 மில்லிமீட்டர் இருந்ததாகச் செய்தி வந்தது. "மித்தோமாவின் 1 மில்லிமீட்டர்" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மேலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம் பத்து கோலுக்குச் சமம்.

ஆகவே "இந்த ஆண்டு யாரைப் பிடிக்கும்" என்று கேட்டால் மித்தோமா முன்னே வருவார். "எக்காலத்துக்கும் சிறந்தவர்" என்று கேட்டால் நகாதாவோடு மோத வேண்டும். நகாதா 1998 செப்டம்பரில் பெருஜியாவுக்காக இறங்கிய முதல் சீரி ஆ (இத்தாலியின் முதல் நிலை லீக்) ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். 2000-01இல் ரோமாவோடு லீக் பட்டம். 29 வயதில், 2006 உலகக் கோப்பை முடிந்த கையோடு ஓய்வு. சரிவைப் பார்க்கவே விடாமல் போனவருக்கு மவுசு குறையாது.

#3 எண்கணக்கன்

முதல் கேள்விக்கு ஒரு பகுதி பதில் மாதிரி அளவில் இருக்கிறது.

நேரில் போய்க் கேட்கும் கணிப்புகள் பொதுவாக ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்பவை. பட்டியல் கொடுக்காமல் "பிடித்த வீரர் யார்" என்று கேட்கிறார்கள். எல்லா விளையாட்டும் சேர்ந்து வருவதால் கால்பந்து வீரர் ஒருவருக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். 1,200 பேரிடம் கேட்டு ஒருவருக்கு 3 சதவீதம் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 0.03 × 0.97 ÷ 1200, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 0.005. அதை 1.96ஆல் (95 சதவீத உறுதிக்கான எண்) பெருக்கினால் பிழை வரம்பு கிட்டத்தட்ட 1 சதவீதப் புள்ளி. அதாவது உண்மையான மதிப்பு 2இலிருந்து 4 வரை எங்கேயும் இருக்கலாம். 3 சதவீதம் வாங்கியவர் ஐந்தாம் இடம், 2.4 வாங்கியவர் எட்டாம் இடம் என்று பத்திரிகை போடும். அந்த மூன்று இடத்து வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அடுத்த ஆண்டு அப்படியே திரும்பிப் போகும்.

அதனால் இந்த வகைக் கணிப்பை வைத்து "மித்தோமா இறங்கிவிட்டார்" என்று யாராவது எழுதினால் முதலில் எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. பட்டியல் கொடுக்காமல் கேட்டால் ஓய்வு பெற்றவர்கள் உள்ளே வருவார்கள். பேஸ்பாலில் நகஷிமாவும் இச்சிரோவும் ஆடுவதை நிறுத்திய பிறகும் இத்தகைய பட்டியல்களில் பல ஆண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

#4 கோல்கம்பம்

அப்ப இணைய ஓட்டுதானே நல்லது? ஆயிரம் பேர் எங்க, லட்சம் பேர் எங்க. பிழை வரம்பு சுத்தமா காணாமப் போயிடுமே.

#5 நீலச்சட்டை

@கோல்கம்பம் லட்சம் பேர் போட்டாலும் வந்து போட்டவர்கள் யார் என்பதுதான் சிக்கல். இதற்கு ஜப்பானிலேயே பாடம் இருக்கிறது, ஆனால் கால்பந்தில் இல்லை, பேஸ்பாலில். 2003 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர் ஓட்டு. சூனிச்சி அணியின் கென்ஜிரோ கவாசாகி தோள் காயத்தால் அந்த அணிக்கு வந்ததிலிருந்து முதல் நிலை ஆட்டத்தில் பந்தே வீசவில்லை. ஓர் இணையப் பலகையில் "இவருக்கே போடுவோம்" என்று ஆரம்பித்த விளையாட்டு, அவருக்கு 9 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. அவரே வேண்டாம் என்று விலகிக்கொண்டார். அடுத்த ஆண்டு, குறைந்தபட்சம் இவ்வளவு ஆடியிருந்தால்தான் ஓட்டுக்குத் தகுதி என்று விதி போட்டார்கள்.

அவர் பிரபலம்தான், ஆனால் என்ன காரணத்துக்குப் பிரபலம்! எத்தனை ஓட்டு என்பதை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

#6 எண்கணக்கன்

அதோடு இணையத் தளங்களில் கள்ள ஓட்டுப் போடுவது சுலபம். பெரும்பாலான தளங்கள் உலாவியின் குக்கீயை வைத்துத்தான் "ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள்" என்று தடுக்கின்றன. தனிப்பட்ட சாளரம் திறந்தால் மறுபடி போடலாம். ஐபி முகவரியை வைத்துத் தடுத்தால், ஒரே மொபைல் நிறுவன முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஆயிரம் பேரில் 999 பேர் ஓட்டு இழப்பார்கள். உள்நுழைந்து போட வேண்டிய தளம்தான் ஓரளவு பரவாயில்லை.

சந்தேகம் வந்தால் எண்ணிக்கையின் ஓட்டத்தைப் பாருங்கள். இயல்பான ஓட்டு, ஆட்டம் முடிந்த இரவில் ஏறி நள்ளிரவுக்குப் பிறகு விழும். ஜப்பான் நேரம் அதிகாலை 3 மணிக்கு ஒரே வேகத்தில் ஒரே பெயருக்கு ஏறிக்கொண்டே போனால் அது ஆள் இல்லை.

#7 வடமராட்சி_வலது

நீங்கள் எல்லாரும் எத்தனை பேர் வாக்குப் போட்டினம் எண்டதைத்தான் பாக்கிறியள். பெயர்கள் எந்த ஒழுங்கிலை கிடக்குது எண்டு ஆராவது பாத்தனீங்களோ?

ஜப்பான் தளங்கள் பெயர்களைத் தங்கட அகரவரிசையிலை போடுவினம். அ வரிசை, பிறகு க, ச, த, ந, ஹ, ம. அசானோ, இதோ, இதாகுரா, உயேதா, எண்டோ எல்லாரும் திரை திறந்த உடனை கண்ணிலை படுவினம். குபோ கொஞ்சம் கீழ. மயேதா, மித்தோமா, மினாமினோ, மொரிதா ஆக்கள் கடைசிக்குக் கிட்ட. கைத்தொலைபேசியிலை நாலைஞ்சு தரம் விரலாலை தள்ளினாத்தான் மித்தோமா வருவார். அணிப் பட்டியல் ஒழுங்கிலை போட்டா கோல்காப்பாளர் முதல், பிறகு பின்கள ஆக்கள், தாக்குற ஆக்கள் அடியிலை. ஆக, அடியிலை கிடந்தும் முன்னுக்கு வாறார் எண்டா அவற்ற உண்மையான வாக்கு அதைவிடக் கூட எண்டுதான் நான் எடுப்பன். ஒவ்வொருத்தருக்கும் பெயர்களைக் கலைச்சுக் காட்டுற தளம் எண்டா இந்தப் பிரச்சினை இல்லை.

மற்றது வாக்குப் பிரியிறது. கவாசாகி ஃப்ரொன்டாலேயில் இருந்து வந்த ஆக்களை எண்ணிப் பாருங்கோ: மித்தோமா, தனாகா, இதாகுரா, மொரிதா, தனிகுச்சி, யமானே. கோல்காப்பாளர் கவாஷிமாவும் ஒரு காலத்திலை அங்கைதான். எல்லாரும் 2022 உலகக் கிண்ண அணியிலை இருந்தவை. ஒராளுக்கு ஒரு வாக்கு எண்டா கவாசாகி ஆதரவாளர்களின்ர வாக்கு இத்தனை துண்டாப் போகும். சின்னக் கழகத்திலை இருந்து வந்த ஒற்றை ஆளுக்கு முழுசாப் போகும்.

#8 எண்கணக்கன்

வடமராட்சி சொன்ன ஓட்டுப் பிளவை எண்ணில் காட்டுகிறேன். இது கற்பனைக் கணக்கு. க, ச, த என்று மூன்று வீரர்கள், 100 ஓட்டு.

40 பேர்: க, ச, த என்ற வரிசை.
35 பேர்: த, ச, க.
25 பேர்: ச, த, க.

ஆளுக்கு ஓர் ஓட்டு என்றால் க 40, த 35, ச 25. ச கடைசி. இப்போது முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளி போடுங்கள். க 180, த 195, ச 225. கடைசியில் இருந்தவர் முதலில் வந்துவிட்டார், முதலில் இருந்தவர் கடைசிக்குப் போய்விட்டார். ஓட்டுப் போட்டவர்கள் அதே 100 பேர்தான்!

க மாதிரி ஆட்களை எல்லா நாட்டிலும் பார்க்கலாம். ஒரு பகுதி உயிரைக் கொடுக்கும், மீதிப் பேருக்கு ஆகவே ஆகாது. ஹோண்டா அந்த ரகம் என்பது என் அபிப்பிராயம். ச ரகம், எல்லாருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர். வதாரு எண்டோ போன்ற நடுக்கள ஆட்கள் ஓர் ஓட்டு முறையில் எப்போதுமே அடிபடுவது இதனால்தான். புள்ளி போடும் தளத்தையும் ஓர் ஓட்டுத் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

#9 தேடுபொறி

ஓட்டுகளை விட்டுவிட்டுத் தேடல் எண்ணுக்கு வாருங்கள். ஒரு பெயரை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸை சரியாகப் பயன்படுத்தினால் ஓட்டுத் தளங்களை விட நம்பலாம். தப்பாகப் பயன்படுத்துகிறவர்கள்தான் அதிகம்.

முதல் தப்பு, பெயர். மித்தோமாவின் குடும்பப் பெயரில் இரண்டாவது எழுத்து மேலே மூங்கில் தலை கொண்ட கான்ஜி (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்து). பலர் அதே மாதிரி இருக்கும், புல் தலை கொண்ட வேறு எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். சரியான எழுத்தை மட்டும் போட்டால் அவருக்கு வந்த தேடலில் ஒரு பங்கு காணாமல் போகும். ட்ரெண்ட்ஸில் இரண்டு எழுத்து வடிவத்தையும் கூட்டல் குறி போட்டு ஒரே பெட்டியில் சேர்க்கலாம். குபோவுக்கு எதிர்மாறான பிரச்சினை. குபோ என்பது சாதாரணக் குடும்பப் பெயர். தத்சுஹிகோ குபோ, யூயா குபோ என்று தேசிய அணிக்கே வேறு குபோக்கள் ஆடியிருக்கிறார்கள். குடும்பப் பெயரை மட்டும் போட்டால் ஊரில் உள்ள குபோ எல்லாம் அவர் கணக்கில் ஏறும். நகமுராவுக்கு இதைவிட மோசம்: ஷுன்சுகே, கெங்கோ, கெய்தோ. சொல்லாகத் தேடாமல், பெயருக்குக் கீழே "கால்பந்து வீரர்" என்று வரும் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, 0 முதல் 100 வரை வருவது தேடல் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் உச்சம் எதுவோ அதை 100 ஆக்கி மற்றதைச் சுருக்கியது. 2022 டிசம்பரை உள்ளே வைத்தால் ஸ்பெயின் ஆட்டத்து வாரம் 100 ஆகி, மற்ற எல்லா வாரமும் தரையோடு ஒட்டிக் கிடக்கும். உலகக் கோப்பையைத் தனியாக எடுங்கள், அதற்குப் பிந்திய காலத்தைத் தனியாக எடுங்கள். உச்சத்தைப் பார்க்காமல் வாரங்களின் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள்.

மூன்றாவது, ஒரு தடவைக்குச் சில பெயர்களைத்தான் ஒப்பிட முடியும். முப்பது பேரை வரிசைப்படுத்த வேண்டுமென்றால் ஒரு நங்கூர வீரர் வேண்டும். நடுத்தர மவுசு உள்ள ஒருவரை, எண்டோ என்று வையுங்கள், எல்லாத் தொகுதியிலும் போடுங்கள். முதல் தொகுதியில் எண்டோ 20, மித்தோமா 60. இரண்டாவதில் எண்டோ 40, வேறொருவர் 10. அப்படியானால் அந்த வேறொருவர் முதல் தொகுதி அளவில் 5. (எண்கள் விளக்கத்துக்கு மட்டும்.) மிகப் பெரிய ஆளை நங்கூரம் ஆக்கினால் சின்ன ஆட்கள் எல்லாம் 0 அல்லது "1க்கும் குறைவு" என்று வந்து, வகுக்கவே முடியாமல் போகும்.

நான்காவது, ட்ரெண்ட்ஸ் காட்டுவது ஒரு மாதிரியிலிருந்து எடுத்தது. நாளை எடுத்தால் கொஞ்சம் மாறும். மூன்று நான்கு நாள் எடுத்து சராசரி போடுங்கள். 2011, 2016, 2022 ஜனவரிகளில் சேகரிப்பு முறை மாறியதாக வரைபடத்திலேயே குறிப்பு இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டாம். தரவே 2004இல் இருந்துதான். நகாதாவின் பெருஜியா, ரோமா காலம் முழுக்க வெளியே. ட்ரெண்ட்ஸை வைத்து நகாதாவையும் மித்தோமாவையும் ஒப்பிடுகிறவர்களைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

#10 பந்துக்காரன்

அருமை. விக்கிப்பீடியா பக்கப் பார்வை எப்படி? அதில் நிஜமான எண்ணிக்கை கிடைக்குமே.

#11 தேடுபொறி

கிடைக்கும். பார்வைக் கணக்குக் கருவியில் 2015 ஜூலை முதல் தரவு இருக்கிறது. பார்க்க வேண்டியவை:

பார்வையாளர் வகையில் "பயனர்" மட்டும் தேர்ந்தெடுங்கள். தேடுபொறிச் சிலந்திகளும் தானியங்கிகளும் தனி வகை. எதிலிருந்து பார்த்தார்கள் என்ற இடத்தில் கணினி, மொபைல், செயலி மூன்றையும் சேருங்கள். வழிமாற்றுப் பக்கங்களின் (வேறு எழுத்தில் தேடினாலும் அதே கட்டுரைக்குக் கொண்டுபோகும் பக்கங்கள்) பார்வை தானாகச் சேராது, தனியாகக் கூட்ட வேண்டும். இங்கேயும் மித்தோமாவின் தப்பெழுத்து சேதி வரும்.

எந்த மொழி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழிப் பக்கம் உள்நாட்டு மவுசைக் காட்டும். ஆங்கிலத்தில் பிரைட்டனுக்கு ஆடும் மித்தோமாவுக்கு இயல்பாகவே சாதகம். ஸ்பானிய மொழியில் குபோவுக்கு. அவர் 2011இல் பார்சலோனா இளைஞர் அணிக்குப் போன பையன், பிறகு ரியால் மாட்ரிட் வாங்கி மயோர்கா, வியாரியால், கெதாஃபே என்று இரவல் கொடுத்து, 2022இல் ரியால் சோசியேடாட். ஸ்பெயின் முழுக்க அவர் பெயர் சுற்றியிருக்கிறது.

காயம், கல்யாணம், கிளப் மாறும் வதந்தி, எல்லாமே பார்வையைத் தூக்கிவிடும். அதனால் மாத மொத்தத்தை விட, தினப் பார்வையின் இடைநிலைதான் நிலையான மவுசு. ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் ஒருவரின் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

#12 கோல்கம்பம்

திட்டுவீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேக்குறேன். இன்ஸ்டாகிராமை ஏன் சேர்க்கக் கூடாது? அதுவும் நிஜ எண்ணிக்கைதானே.

#13 நீலச்சட்டை

சேர்க்கலாம் தம்பி, ஆனால் அது சேமிப்புக் கணக்கு மாதிரி, பழைய பணமும் உள்ளேயே கிடக்கும். 2014இல் பின்தொடர்ந்தவர் பத்து வருடமாக எட்டிப் பார்க்கவில்லை என்றாலும் எண்ணில் இருப்பார். ஏசி மிலானில் 10ஆம் எண் போட்டவர், மூன்று உலகக் கோப்பையிலும் (2010, 2014, 2018) கோல் அடித்தவர் என்பதால் ஹோண்டாவுக்கு அப்போது சேர்ந்தவர்கள் இன்னும் அங்கேதான்.

அடுத்தது, பின்தொடர்வோர் எந்த நாடு? ஹோண்டா 2018இலிருந்து 2023 வரை கம்போடிய தேசிய அணிப் பொறுப்பில் இருந்தார். கம்போடியர்கள் அவரைப் பின்தொடர்வதற்கும் ஜப்பானில் அவர் மவுசுக்கும் என்ன சம்பந்தம்? கிளப்களிலும் இதே கதை. 2022இல் இந்தோனேசியாவின் பிரதாமா அர்ஹான் டோக்கியோ வெர்டிக்கு வந்ததும் அந்த கிளப்பின் இன்ஸ்டாகிராம் கணக்கு சர்ரென்று ஏறியது. அப்போது வெர்டி இரண்டாம் பிரிவில். மைதானத்தில் கூட்டம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

இன்ஸ்டாவைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் மொத்தத்தை விடுங்கள். ஆறு மாதத்தில் எவ்வளவு கூடியது என்பதை எடுங்கள்.

#14 மாலைநேர_ஆட்டம்

இவ்வளவு நேரம் பேசியும் ஒரு பெண் பெயர் வரவில்லை. ஹோமாரே சாவா 2011 உலகக் கோப்பையை ஜெயித்த அணியின் கேப்டன். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக 117ஆவது நிமிடத்தில் சமன் செய்த கோல் அவருடையது. அந்தப் போட்டியின் சிறந்த வீராங்கனை விருதும் அதிக கோல் விருதும் அவருக்கே, அந்த ஆண்டுக்கான ஃபிஃபா சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. அணிக்கு அரசு மக்கள் கௌரவ விருது கொடுத்தது. ஆனால் "ஜப்பான் கால்பந்து வீரர்" என்று போட்டிருக்கும் பாதிப் பட்டியல்களில் தேர்வுப் பெயர்களிலேயே அவர் இல்லை. தேர்வில் இல்லாதவருக்கு எவனும் ஓட்டுப் போட முடியாது. நீங்கள் போடப்போகும் பட்டியலில் முதலில் இதைத் தீர்மானியுங்கள்: ஆண்கள் பட்டியலா? அப்படியென்றால் தலைப்பில் எழுதுங்கள்.

#15 பந்துக்காரன்

@மாலைநேர_ஆட்டம் சரியான பிடி. ஒரே பட்டியல்தான், இருவரையும் சேர்த்து. மாதிரிப் பெயர்களில் சாவா, யூயி ஹசேகாவா, 2023 உலகக் கோப்பையில் 5 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கிய ஹினாதா மியாசாவா மூவரும் கட்டாயம்.

விருதுகளைக் கணக்கில் எடுக்கலாமா?

#16 நீலச்சட்டை

எடுக்காதீர்கள். விருது யார் ஓட்டு என்று பாருங்கள். ஜே லீக் விருதில் அடிப்படை ஓட்டு மேலாளர்களும் சக வீரர்களும் போடுவது. பிரீமியர் லீக் மாத விருதில் ரசிகர் பங்கு நூற்றுக்குப் பத்து. ஃபிஃபாவின் சிறந்த வீரர் விருதில் ரசிகர்களுக்கு நான்கில் ஒரு பங்கு, மீதி கேப்டன்கள், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள். இவற்றில் கிடைக்கும் இடம் மவுசு இல்லை, மதிப்பு.

மதிப்பும் மவுசும் எவ்வளவு விலகலாம் என்பதற்கு கியோகோ ஃபுருஹாஷி. 2022-23இல் செல்டிக்குக்காக லீக்கில் 27 கோல், ஸ்காட்லாந்தில் சக வீரர்கள் தரும் விருதும் பத்திரிகையாளர்கள் தரும் விருதும் அவருக்கு. கிளாஸ்கோவில் செல்டிக் ரசிகர்களுக்கு அவர் கண்ணின் மணி. அதே பருவத்தின் நடுவில் நடந்த உலகக் கோப்பைக்கு ஜப்பான் அவரை அழைக்கவே இல்லை. செல்டிக் ரசிகர்களிடம் பட்டியல் கேட்டால் அவரும் தைசென் மயேதாவும், மூத்தவர்களிடம் கேட்டால் ஷுன்சுகே நகமுராவும் வருவார்கள். 2006 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் போட்ட ஃப்ரீ கிக்கை அங்கே யாரும் மறக்கவில்லை. அவர்கள் பட்டியலில் மித்தோமாவும் குபோவும் பத்துக்குள் வருவதே சந்தேகம்.

#17 வடமராட்சி_வலது

தொலைக்காட்சியையும் கணக்கிலை எடுங்கோ. ஆக்கள் பாத்தாத்தானே பிடிக்கும். 2002 ஜூன் 9, ரஷ்யாவோட நடந்த ஆட்டம் டோக்கியோ வட்டாரத்திலை 66.1 வீத வீடுகளிலை ஓடினது. 2022 கொஸ்தா ரிக்கா ஆட்டம் 42.9 வீதம், அதுவும் தோத்த ஆட்டம். மித்தோமாவைப் புகழ்பெற வைச்ச ஸ்பெயின் ஆட்டம் ஜப்பானிலை விடியப்புறம் 4 மணிக்கு. கன பேர் நேரடியாப் பாக்கேல்லை, காலமை செய்தியிலைதான் அந்தப் படத்தைப் பாத்தவை. 2021 கடைசித் தகுதிச் சுற்றிலையிருந்து வெளியூர் ஆட்டங்கள் காசு கட்டிப் பாக்கிற டசோனுக்குப் போயிட்டுது. 2002 ஆக்களை முழு நாடும் சும்மா பாத்தது. 2002இலை முகமூடியோட விளையாடின மியாமோதோவை உதைபந்தாட்டம் தெரியாத ஆக்களுக்கும் தெரியும். 2024இலை அவர் ஜப்பான் உதைபந்தாட்டச் சங்கத் தலைவராவும் வந்திட்டார். இப்பத்தை ஆக்களைத் தெரியோணும் எண்டா தேடிப் போகோணும்.

ஆனபடியால் தலைமுறை தாண்டி ஒப்பிடாதேங்கோ. பிறந்த ஆண்டைக் கேட்டு, அந்தந்த வயதுக்காரரின்ர வாக்கைத் தனித்தனியாப் போடுங்கோ.

#18 எண்கணக்கன்

பந்துக்காரன் கேட்ட இரண்டாவது கேள்விக்குச் செய்முறை. இதுவரை வந்ததை வைத்து:

1. முதலில் பெயர்ப் பட்டியலை மூடுங்கள். 30 பேர், ஆண்களும் பெண்களும். எண்களைப் பார்த்த பிறகு ஆளைச் சேர்க்கக் கூடாது.

2. நான்கு அளவு போதும்: ஜப்பான் ட்ரெண்ட்ஸின் வார இடைநிலை, ஜப்பானிய விக்கிப்பீடியாவின் தின இடைநிலை, ஆறு மாத இன்ஸ்டாகிராம் கூடுதல், பெயர்களைக் கலைத்துக் காட்டும் ஓர் ஓட்டுக் கணிப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே 12 மாதம், இன்ஸ்டாவுக்கு அதன் கடைசி ஆறு.

3. எண்களை அப்படியே கூட்டாதீர்கள். ஒருவருக்கு 20 லட்சம், இன்னொருவருக்கு 20 ஆயிரம் என்று வரும் அளவு மற்ற மூன்றையும் விழுங்கிவிடும். ஒவ்வோர் அளவிலும் 30 பேரை வரிசைப்படுத்தி, முதல் ஆளுக்கு 30, கடைசி ஆளுக்கு 1 என்று புள்ளி கொடுங்கள். இடைவெளி முக்கியம் என்று நினைத்தால் மடக்கை எடுத்துச் சேருங்கள்.

4. நான்கையும் சம எடையில் கூட்டி ஒரு வரிசை. பிறகு ஒவ்வோர் அளவாக நீக்கிவிட்டு மறுபடி கூட்டி, நான்கு வரிசை எடுங்கள். ஒருவர் இந்த ஐந்திலும் 2, 2, 3, 2, 2 என்றால் "இரண்டாமிடம்" என்று எழுதலாம். 2, 7, 4, 9, 3 என்றால் "2 முதல் 9 வரை" என்றுதான் எழுத வேண்டும். பத்திரிகைப் பட்டியல்கள் செய்யாதது இதைத்தான்.

வழக்கமாகக் கோட்டை விடுவது மூன்றாவது படியில். இன்ஸ்டா கணக்கே இல்லாதவருக்கு 0 போட்டுவிடுவார்கள். அவருக்கு அந்த இடத்தில் மற்ற மூன்றின் சராசரியைப் போடுங்கள்.

மித்தோமா எங்கே நிற்பார் என்று என் ஊகம்: ட்ரெண்ட்ஸிலும் ஓட்டிலும் மேலே, காயத்தில் உட்கார்ந்திருக்கும் மாதங்களில் விக்கி இடைநிலை விழும். ஒற்றை எண்ணாக வராது.

#19 பந்துக்காரன்

நன்றி ஐயா. 30 பேரை இரண்டு பிரிவாக்குகிறேன். இப்போது ஆடுபவர்கள் 20, ஓய்வு பெற்றவர்கள் 10. ஓய்வு பெற்றவர்களில் இதுவரை: நகாதா, ஷுன்சுகே நகமுரா, ஹோண்டா, சாவா, மியாமோதோ, கசுயோஷி மியூரா, அட்சுதோ உச்சிதா. மூன்று இடம் பாக்கி.

#20 நீலச்சட்டை

மியூராவை அதிலிருந்து எடுங்கள். 1967இல் பிறந்தவர், 1993இல் ஜே லீக் தொடங்கிய ஆண்டின் சிறந்த வீரர், 1998 உலகக் கோப்பைக்கு முன்னால் சுவிட்சர்லாந்து முகாமில் இருந்து கழற்றிவிடப்பட்டவர், எல்லாம் சரி. ஆனால் 2024இல் 57 வயதில் அட்லெடிகோ சுசுகாவுக்காக ஆடிய ஆளை ஓய்வு பெற்றவர் பிரிவில் போட்டால் முதல் பின்னூட்டமே அதைப் பற்றித்தான் வரும். ஹோண்டாவும் முறைப்படி ஓய்வு அறிவித்தாரா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். "ஓய்வு" என்பதற்குப் பதில் "கடைசி தேசிய அணி ஆட்டம் 2018க்குள்" என்று அளவுகோல் வைத்தால் இந்தச் சண்டையே வராது.

#21 கோல்கம்பம்

அப்ப கசு (அதான், மியூரா) இப்ப ஆடுறவங்க பிரிவுல, மித்தோமா கூடவா? இணைய ஓட்டுல அவர்தான் ஜெயிப்பார், பாருங்க.